சிவப்புக் காருக்கு நான் கட்டிய பச்சை டேக்

2006 ஆனி மாதம், ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டு நாற்பது. கும்மிடிப்பூண்டியில் எங்கள் ஃபவுண்டரி வாசலிலுள்ள ஸ்பீடு பிரேக்கரின் மேல் முதலாளியின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வயிற்றை வைத்துப் படுத்துவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. அதன் கண்ணாடியில் "பரிசோதித்தது, சரி" என்று நான் கையெழுத்திட்ட பச்சை டேக் ஆடிக்கொண்டிருந்தது.

1. மூன்று கார்கள்

முதலாளி இளவயதில் சோழவரத்துக் கார் ரேஸை வேலியோரம் நின்று பார்த்தவர். ஐம்பத்தைந்து வயதில், ஞாயிறு மட்டும் ஓட்ட ஒரு வேகமான கார் வேண்டும் என்று கிளம்பினார். ஆனால் மூன்று கொட்டேஷன் இல்லாமல் ஒரு போல்ட்கூட வாங்காதவர். மஞ்சள், வெள்ளி, சிவப்பு என மூன்று செகண்ட் ஹேண்ட் கார்கள் லாரியில் வந்து உள்ளே இறங்கின. குவாலிட்டி பொறுப்பாளரான என்னைக் கூப்பிட்டார்.

"நீ பாஸ் பண்ணாத்தான் வாங்குவேன். பதினோரு வருஷமா நீ ஓகே போட்ட ஒரு பீஸும் திரும்பி வந்ததில்ல."

உண்மைதான். எனக்கிருந்த ஒரே சொத்து அந்தப் பெயர்.

முதலில் ஸ்பீடு பிரேக்கரை அளந்தேன்: உயரம் நூற்றுப்பத்து மில்லிமீட்டர். மஞ்சள் காரின் அடிப்பாகம் தரையிலிருந்து தொண்ணூற்றெட்டு, ரிஜெக்ட். வெள்ளி நூற்றைந்து, அதுவும் ரிஜெக்ட். சிவப்பு நூற்றிருபத்திரண்டு. டேக் கட்டினேன்.

எங்கள் எடை மேடைக்கு எந்த லாரி வந்தாலும் "டிரைவர், எறங்கு" என்போம். ஆளோடு எடை போடுவதில்லை. அதே பழக்கத்தில் காரையும் ஆளில்லாமல் அளந்துவிட்டேன்.

2. பூஜைக்குப் புறப்பாடு

முதலாளி நூற்றுப் பதினைந்து கிலோ. அவர் மனைவியும் ஏறினார். பெரியபாளையம் அம்மன் கோயிலில் பூஜை போட இரண்டு பூசணிக்காய், ஒரு கூடைத் தேங்காய். கார் பெருமூச்சு விட்டதுபோல் தாழ்ந்ததை நானே பார்த்தேன். வாசல் ஸ்பீடு பிரேக்கரில் ஏறியதும் அடி தட்டி நின்றது.

"இன்னா சார், கோழி அடைகாக்கற மாதிரி குந்திக்கிச்சு?" என்றார் வாட்ச்மேன் முனுசாமி.

வெளியே காத்திருந்த ஸ்கிராப் லாரி டிரைவர் எட்டிப் பார்த்தார். "நைனா, பேஜாரு பண்ணாம வண்டிய எடு!"

முதலாளி இறங்கினார். கார் எழுந்தது. முனுசாமி தள்ளியதும் சாதுவாகக் கடந்துபோனது.

"நாளைக்கு என்.சி.ஆர். எழுதிக்கினு வா" என்றார் முதலாளி. தவறான பீஸ் வெளியே போனால் நாங்கள் எழுதித்தரும் படிவம் அது.

3. ரூட் காஸ்

படிவத்தில் "ரூட் காஸ்", அதாவது மூல காரணம், என்று ஒரு கட்டம் உண்டு. நான் அளந்த விதம் என்று எழுதினால் பெயர் போகும். அவர் எடை என்று எழுதினால் வேலை போகும். திங்கள் பத்து மணிக்குக் கட்டத்தைக் காலியாகவே விட்டு, படிவத்தை முதலாளியின் அறைக்குக் கொண்டுபோனேன். டிபன் கேரியரோடு அவர் மனைவியும் அங்கே இருந்தார்.

"நான் சொல்றேன், எழுதிக்கோங்க. ஊட்ல பொங்கல், வடை. பத்து மணிக்குக் கேண்டீன்ல மறுபடியும் நாஷ்டா."

"கேண்டீன் விஷயம் உனுக்கு யார் சொன்னது?" என்றார் முதலாளி.

அந்தச் சந்தடியில் "ஆளை ஏற்றாமல் அளந்தது என் தவறு" என்று எழுதி நீட்டினேன். அவர் படித்தார். திருத்த நடவடிக்கை என்ற இடத்தில் தன் கையாலேயே எழுதிக் கையெழுத்திட்டார்: "உரிமையாளர் நடந்து கடக்கவும்."

அதன்பின் ஞாயிறுதோறும் முனுசாமியின் கேட் ரிஜிஸ்டரில் இரண்டு வரி இருக்கும். சிவப்பு கார், தள்ளி, 8.40. முதலாளி, நடந்து, 8.41.

புதிதாக இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறவர்களுக்குச் சொல்வேன்: அளக்கும் முன், அதில் யார் உட்காரப்போகிறார் என்று கேளுங்கள். எடையைக் கேட்கப் பயமாக இருந்தால், அவர் மனைவியைக் கேளுங்கள்.