விழுகிற இடத்துக்கு விலை

மரத்தின் உச்சியில் கயிற்றில் தொங்கிக்கொண்டிருக்கும் மனிதரைப் பார்த்து, கீழே சாவகாசமாக நின்றபடி, "அப்படியே அந்தக் கிளையையும் எடுத்துடுங்களேன்" என்று நீங்கள் சொன்னதில்லையா?

நான் சொன்னேன். அவர் ரம்பத்தை நிறுத்தி இடுப்புப் பட்டையில் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு கவடாகக் கால் வைத்து இறங்க ஆரம்பித்தார். முழுதாகப் பத்து நிமிடம். வாயால் சொல்லி முடிக்க வேண்டிய விஷயத்துக்கு இவ்வளவு நாடகமா என்று எனக்கு எரிச்சல்.

கீழே கயிற்றைப் பிடித்திருந்தவர் அவர் மனைவி. கயிற்றை இடுப்பைச் சுற்றி வாங்கி, குதிகாலை மண்ணில் புதைத்து நின்றார். "அவருக்கு மேல போனா காது கேட்காது சார். கீழ வந்தா வாய் மூடாது. எது வேணும்னாலும் இறங்கினப்புறம் கேளுங்க" என்றார், என் பக்கம் திரும்பாமலே.

மரம் வெட்டுபவர் என்று அவரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார். "வெட்டறதுக்கு யாரு வேணாலும் வருவாங்க. நான் இறக்குறவன்." ஐம்பதை நெருங்கும் வயது. இடது தோள் வலதைவிட ஒரு விரற்கடை தாழ்ந்திருக்கும். காதுக்குப் பின்னால், மற்றவர்கள் பென்சில் வைக்கும் இடத்தில், சுண்ணக்கட்டி வைத்திருப்பார்.

காலையில் வந்ததும் மரத்தைச் சுற்றி என்னோடு இரண்டு முறை நடந்தார். பிறகு சிவப்புத் துணிக் கிழிசல்களையும் ஒரு தொரட்டிக் கம்பையும் என் கையில் கொடுத்தார். எந்தக் கிளை போக வேண்டுமோ அதில் வீட்டுக்காரர்தான் துணியை மாட்ட வேண்டும். "நீங்களே மாட்டுங்க சார். சாயங்காலம் 'நான் சொன்னது அதை இல்ல'ன்னு ரெண்டு பேருக்கும் மனஸ்தாபம் வரக் கூடாது." கூரைக்கு மேல் நீண்ட மூன்று கிளைகளில் மாட்டினேன். அடிமரத்தில் 3600 என்று எழுதினார். பத்திரம், முத்திரை எல்லாம் அவ்வளவுதான்.

இறங்கியவர் தண்ணீர் குடித்தார். நான் காட்டிய நாலாவது கிளைக்குக் கீழே போய், தண்ணீர்த் தொட்டி ஓரமாகக் குந்தினார். தரையிலிருந்து எதையோ கிள்ளி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வந்தார். மாவு மாதிரி மரத்தூள்.

"உள்ள தின்னுட்டிருக்கு சார். மேல இருந்து பார்த்தா பச்சை இலைதான் தெரியும். இது என் எடையைத் தாங்காது. பக்கத்துக் கிளையில நின்னு, ரெண்டாவது கயிறு போட்டு, நாலு துண்டாக் கட்டி இறக்கணும். ஆயிரத்து நானூறு ஆகும்."

"மூணு கிளைக்கே மூவாயிரத்து அறுநூறு. இது ஒத்தைக் கிளை, ஆயிரத்து நானூறா?"

"அந்த மூணும் கயிறு கட்டி இழுத்தா கூரைக்கு வெளியே மண்ணுல விழும். இதுக்குக் கீழ உங்க தண்ணித் தொட்டி இருக்கு. காசு கிளைக்கு இல்ல சார், விழுற இடத்துக்கு. வேணாம்னா விட்டுடலாம், கோவமில்ல. பேசினதை முடிச்சுக் கொடுத்துட்டுப் போறேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா கயிற்றைத் தளர்த்திவிட்டு இரண்டு உள்ளங்கைகளையும் என் முன் விரித்தார். குறுக்கே, மினுமினுப்பாக, புண் ஆறிய அகலத் தழும்பு.

"இதுவும் ஒரு 'அப்படியே'தான் சார். ஏழு வருஷம் ஆச்சு. ஒரு வீட்டம்மா கீழ இருந்து சொன்னாங்க. இவரும் பெரிய மனசு பண்ணி, மேலயே தாவிட்டாரு. கிளை முறிஞ்சுது. கயிறு என் கையைத் தோலோட உரிச்சுக்கிட்டு ஓடுச்சு. பிடிச்ச பிடியை நான் விடல, அதனாலதான் தோளோட போச்சு."

மூன்று மாதம் அவர் படுக்கையில் கிடந்தார். கட்டுப் போட்ட கையோடு இந்த அம்மா போய்க் கேட்டபோது அந்த வீட்டில் கிடைத்த பதில்: "கிளையைத்தான் வெட்டச் சொன்னேன், விழவா சொன்னேன்? எல்லாம் அவர் தலையெழுத்து."

தலையெழுத்தாம். எழுதிய கை எது என்று அந்த வீட்டில் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. விலை பேசாமல், பார்வையிடாமல், போகிற போக்கில் ஒருவரை ஆபத்தில் ஏற்றிவிட்டு, அவர் விழுந்ததும் பழியைத் தூக்கி வானத்தின் மேல் போடுவது எவ்வளவு வசதியான ஏற்பாடு! அடுத்தவர் உடம்பைக் கொசுறாகக் கேட்பவர்களுக்கென்றே இந்தத் தத்துவம் காலங்காலமாகக் காத்திருக்கிறது. அதைத் திட்டித் தீர்க்கலாம் என்று நினைத்தேன். அரை மணி நேரத்துக்கு முன் அதே கொசுறைக் கேட்ட வாய் இதுதான் என்பது நினைவுக்கு வந்தது. தொரட்டியை எடுத்து நாலாவது கிளையில் துணியை மாட்டினேன்.

அவர் 3600ஐக் கட்டைவிரலால் அழித்து 5000 என்று எழுதினார். அந்தக் கிளை நாலு துண்டாக, தொட்டியில் ஒரு கீறல்கூடப் போடாமல், தூளியில் வைத்த குழந்தையைப் போல இறங்கியது. முதல் துண்டின் உள்ளே கை நுழையும் அளவுக்குப் பொந்து. அங்கிருந்தபடியே அதற்குத் தாவச் சொன்னவன் நான்.

துணி கட்டிய கிளைகளில் இன்னும் ஒன்று பாக்கி. அதன் பக்கம் போனவர் சற்று நேரம் பார்த்துவிட்டு மறுபடி இறங்கினார். இன்னும் எவ்வளவு ஏற்றப் போகிறாரோ என்ற நினைப்பு எனக்கு வரவில்லை என்றால் பொய்.

"மூணாவது கிளை நல்லா இருக்கு சார். நுனியை மட்டும் கழிச்சா கூரைக்கு எட்டாது. அடியோட எடுத்தா உங்க பின் அறை வெயில்ல வேகும். விட்டுடட்டுமா?"

விடச் சொன்னேன். சுண்ணக்கட்டி காதிலிருந்து இறங்கியது. 5000 அழிந்து 4300 ஆனது.

"நான் குறைக்கச் சொல்லலையே?"

"நீங்க வேலையை மாத்தினப்ப ஏத்தினேன்ல. நான் மாத்தினா குறைக்க வேணாமா?"

"இப்படித்தான் சார் இவரு பணக்காரர் ஆயிட்டே வர்றாரு" என்றார் அந்த அம்மா. குரலில் கிண்டலைவிடப் பெருமைதான் அதிகம்.

அந்தக் கிளை நிழலில்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கீறல் விழாத தொட்டி, உடையாத கூரை, உயிரோடு இருக்கும் ஒரு மனிதர் எல்லாவற்றுக்கும் அந்தப் பத்து நிமிட இறக்கத்துக்கு நன்றி சொல்ல வேண்டியவன் நான். அன்றைக்குச் சொல்லத் தெரியவில்லை. வேலை முடிந்து கடைசி முறையாக அவர் இறங்கியதுதான் கண்ணில் நிற்கிறது. ஒரு கால் மண்ணைத் தொட்டது. அந்த அம்மா கயிற்றை விடவில்லை. அடுத்த காலும் தொட்டது. அப்போதுதான் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, உள்ளங்கைகளில் ஊதிக்கொண்டார்.

ஆகவே உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டு மரத்திலோ, சாரத்திலோ, ஏணியிலோ ஒருவர் நிற்கும்போது புதிதாக ஏதாவது தோன்றினால் அண்ணாந்து சொல்லாதீர்கள். அவரை இறங்கி வரச் சொல்லுங்கள். இரண்டு கால்களும் மண்ணைத் தொடும்வரை காத்திருங்கள். அதற்குப் பிறகு, என்ன ஆகும் என்று கேளுங்கள்.