குருவிக்குப் பக்கத்தில் எழுதிய சொல்

பதுளையில் எங்கள் ஓவிய வகுப்பின் கண்காட்சி. ஜப்பானிலிருந்து வந்து எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஆசிரியை, மேடையில் எல்லோர் முன்னாலும் ஒரு படம் வரையும்படி என்னை நிறுத்திவிட்டார். தேயிலைக் கிளையில் ஒரு கொண்டைக்குருவி, பக்கத்தில் தமிழில் ஒரு சொல். கறுப்பு மை மட்டும். அவர்கள் முறையில் எழுத்தும் படத்தில் பாதி. அந்த மெல்லிய தாளில் தூரிகை பட்டால் பட்டதுதான், அழிக்க வழியில்லை.

முன்வரிசையில் பிரதம விருந்தினராக இருந்தவர் நாங்கள் துரை என்று சொல்லும் எங்கள் தேயிலைத் தோட்ட மேலாளர். லுணுகலைப் பக்கம் அவர் நிர்வாகத்தில் உள்ள லயத்தில், தோட்டத்துக்குச் சொந்தமான வரிசை வீடுகளில்தான் நாங்கள் இருக்கிறோம். கூரைத் தகரம் முழுக்க ஓட்டை. அடுத்த திங்கட்கிழமை துரையிடம் புதுத் தகரம் கேட்பதாக இருந்த அப்பா, மண்டபத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

குருவியை முடித்தபோது விழா ஏற்பாட்டாளர் குனிந்து காதோடு சொன்னார்: "தொரையோட பேர எழுதிடுங்க. அவருக்கே பரிசா குடுத்துடலாம்."

"நான் வேற எழுத இருந்தேங்க."

"நல்ல நாள்ல வம்பு வேணாம் தங்கச்சி."

தூரிகை நுனியில் மை திரண்டு நின்றது. இன்னும் தாமதித்தால் தாளில் சொட்டிவிடும். ஆசிரியைக்குத் தமிழ் தெரியாது, தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவின் முகம் அவ்வளவு தூரத்தில் தெரியவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு 'சொந்தக்கூடு' என்று எழுதினேன்.

கைதட்டினார்கள். துரை எழுந்து வந்தார். சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார், வாசிக்க வராது.

"என்ன எழுதியிருக்கு?"

"சொந்தக்கூடுங்க, சார்."

"யாருக்கு?"

"குருவிக்குங்க."

அவர் சிரிக்கவில்லை. மை காயும்வரை அங்கேயே நின்று, படத்தை வாங்கிக்கொண்டு போனார்.

வீடு திரும்பும் பஸ்ஸில் பசறை தாண்டும்வரை அப்பா ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நல்லாத்தான் எழுதின. நான் கேட்டு முடிச்சப்புறம் எழுதியிருக்கலாம்" என்றார்.

திங்கட்கிழமை நானும் கூடப் போனேன். வெயில் ஏறும்வரை ஆபீஸ் வாசலில் நிற்க வைத்தார்கள். படத்தைப் பற்றித் துரை ஒன்றும் பேசவில்லை. தகரம் அனுப்புவதாக மட்டும் சொன்னார். அனுப்பினார், எங்கள் வீட்டுக்கு மட்டும்.

அப்பா தகரத்தை மேலே ஏற்றும்போது பக்கத்து வீட்டு அக்கா வாசலுக்கு வந்தாள். அவள் வீட்டுக்குள் சட்டி வைத்து மழைத்தண்ணீர் பிடிக்கிறவள்.

"படம் போட்டாத்தான் தகரம் குடுப்பாங்களா?" என்று கேட்டாள்.

அப்பா ஏணியிலிருந்து இறங்கினார்.

"நாளைக்கு எல்லாருமா போவோம்மா" என்றார்.

மறுநாள் லயமே துரையின் ஆபீசுக்குக் கிளம்பிப் போனது. நான் அக்காவுக்குப் பக்கத்தில் நடந்தேன். அவள் எட்டி நடந்து என்னைத் தாண்டிப் போனாள்.