மாமரத்தடியில் நான் அணைத்த மண்

அன்று வாசலில் இருந்தவர்கள் நாலு பேர். நான், என் மனைவி, மரம் வெட்டுகிறவர், கயிறு பிடிக்க அவர் கூட்டிவந்த மச்சினர். அம்மா உள்ளே கட்டிலில் படுத்திருந்தாள். அவள் வெளியே வரவில்லை, அதனால் கணக்கில் சேர்க்கவில்லை.

வடகரப்பதிப் பக்கம் எங்கள் வீடு. எழுபதுகளின் நடுவில் ஒரு வருடம், ஆடி பிறக்கப் பத்து நாள் இருந்தது. எங்கள் ஊரில் ஆடிக்காற்று கணவாய் வழியாக வந்து கூரை ஓடுகளையெல்லாம் ஆட்டிப் பார்க்கும். வீட்டை ஒட்டி ஒரு மாமரம். அதன் பெரிய கிளை ஒன்று அம்மா படுக்கும் அறைக்கு நேர் மேலே போயிருந்தது. இரண்டு வருடமாக மரம் பூக்கவில்லை. இலை பழுத்துக் கொட்டியது, அடியில் பிசின் வடிந்தது. காற்றில் சாய்ந்து அம்மா மேல் விழுந்துவிடும் என்று எனக்குத் தூக்கமே இல்லை. பயப்படுவது எனக்குப் புதிதல்ல. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதே வாத்தியார் கேள்வி கேட்பாரே என்றுதான்.

மரத்தைக் கவனிக்காமல் விட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. காலையும் மாலையும் அடிமரத்தில் இரண்டிரண்டு குடம் ஊற்றினேன். சாணி போட்டேன். மூன்று வருடம் முன்பே, காற்றுக்கு அசையாமல் நிற்கட்டும் என்று குளத்து மண்ணைச் சுமந்து வந்து முழங்கால் உயரத்துக்குச் சுற்றிலும் அணைத்தேன். அப்படியும் வாடியது. கடைசியில் வெட்டிவிட இருபத்தைந்து ரூபாய் பேசி, ஐந்து ரூபாய் முன்பணமும் கொடுத்துவிட்டேன். மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவள் நெல் அவிப்பதும் பாத்திரம் துலக்குவதும் அந்த நிழலில்தான்.

வந்தவர் கோடாலியை இறக்கவில்லை. மரத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். மண்மேட்டைக் காலால் தள்ளிப் பார்த்தார்.

“ஏனுங்க, இந்த மண்ணை ஆருங்க அணைச்சது?”

நான் வாய் திறப்பதற்குள் மனைவி சொன்னாள். “வேற ஆருங்க, இவுங்கதான். மரத்துக்குப் போர்வை போத்தி உடாததுதான் பாக்கி.”

மச்சினர் சிரிப்பை மறைக்க அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மண்ணை மரம் வெட்டுகிறவர் வாரித் தள்ளியபோது உள்ளே பட்டை ஊறிப்போய், விரல் வைத்தால் அமுங்கியது. “மரத்துக்குச் சீக்கு இல்லீங்க. கழுத்து வரைக்கும் பொதைச்சு, தண்ணியும் உட்டா, தோலு அழுகாம என்னங்க பண்ணும்?”

“காத்துல உழுந்துட்டா என்னங்ணா பண்றது? அம்மா உள்ளதான் படுத்திருக்குது.”

“அந்த ஒரு கெளைய எறக்கிப்போடறனுங்க. மரத்தை உடுங்க.”

கிளையைக் கயிற்றில் கட்டி, ஓர் ஓடு உடையாமல் இறக்கினார்கள். அழுகின பட்டையை அரிவாளால் சீவிச் சுண்ணாம்பு பூசினார். நிழல் விழுந்து முடிகிற ஓரத்தில் வட்டமாகக் குழி வெட்டி, தண்ணீர் இனி இங்கேதான், அதுவும் வாரம் ஒரு தடவை போதும் என்றார். வெட்டியிருந்தால் அவருக்கு இருபத்தைந்து முழுசாகக் கிடைத்திருக்கும். வெட்டாத மரத்துக்கு எதுக்குங்க அந்தக் காசு என்று, இரண்டு ஆள் கூலியாகப் பதினாலு மட்டும் சொன்னார். முன்பணம் ஐந்தைக் கழித்துக்கொண்டார். மிச்சத்தை நீட்டினேன், வாங்கவில்லை.

“காய்ச்சா குடுங்க.”

அந்த ஆடியும் அடுத்த ஆடியும் மரம் நின்றது. நான்தான் ஒவ்வொரு காற்றுக்கும் எழுந்து உட்கார்ந்தேன். மூன்றாம் வருடம் தை மாதம் பூத்தது. முதல் காய்களை மனைவி முந்தானையில் கட்டிக்கொடுக்க, பணத்தையும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். பூட்டியிருந்தது. ஏலக்காய்த் தோட்டத்தில் நிழல்மரங்களின் கிளை கழித்துக் கவாத்துச் செய்யக் குடும்பத்தோடு உடும்பஞ்சோலைக்குப் போய்விட்டார்கள் என்றார்கள். எந்தத் தோட்டம் என்று யாருக்கும் தெரியவில்லை. அவர் திரும்பி வரவேயில்லை.

அம்மா அதற்குப் பிறகும் ஒன்பது வருடம் அதே அறையில் படுத்தாள், அந்த மாங்காயில் ஊறுகாயும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். இன்றும் கோழிகள் சீய்த்து அடிமரத்தில் மண் சேர்ந்தால் உடனே போய்த் தள்ளிவிடுகிறேன். ஒவ்வொரு காய்ப்புக்கும் அவரை நினைத்துக்கொள்கிறேன். என் பயத்தை நம்பி அவர் வெட்டியிருந்தால் இதில் எதுவுமில்லை.

அவருக்கு நான் தர வேண்டியது இன்னும் ஒன்பது ரூபாய்.