நான்காவது சக்கரம்

கோபிசெட்டிபாளையத்தில் மெக்கானிக்குகளுக்குப் பஞ்சமில்லை. அப்படியிருக்க, நின்றுபோன ஒரு ஜீப்பின் சக்கரத்தைக் கழற்ற ஆள் தேடி ஒருவர் ஏன் பஸ் ஏறிக் கோயமுத்தூர்வரை வர வேண்டும்? உக்கடத்துப் பட்டறையில் வந்து நின்றவரைப் பார்த்ததும் எனக்குத் தோன்றிய முதல் கேள்வி இதுதான். கேட்கவில்லை. புது ஆட்களிடம் கேள்வி கேட்பது எனக்கு வராது. ஐந்தாம் வகுப்போடு பட்டறைக்கு வந்தவன் நான். வண்டிக்கு அடியில் படுத்துவிட்டால் யார் முகத்தையும் பார்த்துப் பேச வேண்டியதில்லை என்பதாலேயே இந்தத் தொழில் எனக்குப் பிடித்துப்போனது. தொண்ணூறுகளின் நடுவில், நாற்பதைத் தாண்டிய வயதிலும் அப்படித்தான் இருந்தேன்.

"எங்கண்ணனோட ஜீப்புங்க" என்றார் அவர். "அவரு தவறி ரெண்டு வருசமாச்சு. அதுக்கப்பறம் நாந்தான் ஓட்டிட்டு இருந்தேன். போன மாசம் நிறுத்துனது, இப்பப் பாத்தா நாலு சக்கரமும் புடிச்சுக்கிச்சு. நாலு பேரு தள்ளியும் அசையறதில்லீங்க. நாளைக்குப் பொழுதுக்குள்ள உருளோணும்."

பிரேக் டிரம் என்பது சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் இரும்புச் சட்டி. அதன் உள்ளே வளைந்த இரண்டு ஷூக்கள் இருக்கும். மிதித்தால் அவை விரிந்து சட்டியைப் பிடிக்கும். வண்டி வெகுநாள் நின்றால் துரு ஏறி, ஷூவும் டிரம்மும் ஒட்டிக்கொள்ளும். ஆனால் ஒரு மாதத்தில் நாலும் ஒட்டாது. ஒன்று ஒட்டும், போனால் இரண்டு. இதையும் நான் சொல்லவில்லை. முதலாளி போய்வரச் சொன்னார், போனேன்.

மறுநாள் காலை, ஊரைத் தாண்டி வாழைத்தோட்டத்துக்கு நடுவே இருந்த வீட்டுக்குக் கூட்டிப்போனார். வழியில் கிணற்றடியில் ஒரு மோட்டார் ரூம் கதவில்லாமல் திறந்து கிடந்தது. உள்ளே சிமெண்டுத் திட்டில் நாலு போல்ட் மட்டும் நின்றன. மோட்டார் இல்லை. நான் பார்ப்பதைப் பார்த்து, "ரிப்பேருக்குப் போயிருக்குது" என்றார். கேட்காததற்குப் பதில் சொல்கிறவரை நான் நம்புவதில்லை.

ஜீப் ஓடு வேய்ந்த கொட்டகைக்குள், வலது பக்கம் சுவரை ஒட்டி நின்றது. வீட்டு வாசலில் அவருடைய அண்ணி நின்றிருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். என்னை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். வாங்க என்று சொல்லவில்லை. அந்தப் பக்கத்தில் எதிரி வந்தாலும் வாங்க என்று சொல்லிவிட்டுத்தான் மற்றது பேசுவார்கள்.

குனிந்து சக்கரங்களைப் பார்த்தேன். ஒவ்வொரு டயருக்கு முன்னாலும் ஓர் எலுமிச்சம்பழம், காய்ந்து கறுத்து, கல்லு மாதிரி. ஒன்றுகூட நசுங்கவில்லை. ஆயுத பூஜைக்கு வைத்தது. வைத்தால் அன்றே வண்டியை ஏற்றி நசுக்கிவிட்டுத்தான் எடுப்பார்கள். இது சித்திரை மாதம். வண்டி ஆறு மாதமாக ஓர் அடிகூட நகரவில்லை என்று அந்தப் பழங்கள் சொல்லின. போன மாதம்வரை ஓட்டினேன் என்றவர் என் தலைக்கு மேலே நின்று வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

கோணிப்பையை விரித்து அடியில் படுத்தேன். ஒவ்வொரு சக்கரத்துக்கும் பின்னால் ஒரு தட்டு இருக்கும். அதில் இரண்டு போல்ட் தலைகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஷூ தேயத் தேய அவற்றை முடுக்கி டிரம்முக்கு நெருக்கமாக வைப்போம். டிரம் ஒட்டிக்கொண்டால், முதல் வேலையாக அந்த போல்ட்டுகளைத் தளர்த்திப் பார்ப்போம். ஸ்பானரை வைக்கப் போனவன் கையை நிறுத்தினேன். தட்டு முழுக்கச் செந்துரு. போல்ட் தலைகளின் முனைகள் மட்டும் வெள்ளி மாதிரி மின்னின. புது ஸ்பானர்த் தடம். ஒரு வாரத்துக்கு மேல் இருக்காது. முடுக்க முடிந்த மட்டும் யாரோ முடுக்கியிருந்தார்கள்.

முன்சக்கரம் இரண்டும், இடது பின்சக்கரமும் அப்படியே. நான்காவது மட்டும், சுவரை ஒட்டிய வலது பின்சக்கரம், தொடப்படாமல் துருவோடு இருந்தது. அந்த இடுக்கில் கை விட்டு எட்டுவது கஷ்டம். தொழில்காரன் எட்டியிருப்பான்.

"என்னப்பா, படுத்துத் தூங்கீட்டியா?" என்றார் மேலே நின்றவர்.

"பிரேக்கை நாலு மிதி மிதிங்க. துரு விடுதான்னு பாக்கலாம்" என்றேன்.

ஏறி உட்கார்ந்து மிதித்தார். நான் கீழிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அசைந்தது கிளச்சுத் தண்டு. இரண்டாவது மிதிக்கும் அதுவே அசைந்தது.

வாசலிலிருந்து குரல் வந்தது. "நடுவுல இருக்கறதுங்க பிரேக்கு. அது கிளச்சு."

"தெரியுமுங்க அண்ணி. கால் வழுக்கிப் போச்சு."

"ரெண்டு வருசமா ஓட்டறவரு கால் வழுக்கறது அதிசயமுங்க" என்றார் அவர், குரலை உயர்த்தாமல்.

பத்து மணிக்கு அந்த அம்மா எனக்கு மோர் கொண்டுவந்தார். கொழுந்தனார் வரப்பில் யாரிடமோ பேசப் போயிருந்தார். சொம்பை வாங்கும்போது அவருடைய வலது கையைப் பார்த்தேன். நடுவிரல் முட்டியில் தோல் உரிந்து பொருக்குத் தட்டியிருந்தது. இறுகிய போல்ட்டில் ஸ்பானர் வழுக்கினால் சரியாக அந்த இடத்தில்தான் உரியும். என் கையில் அதே இடத்தில் தழும்பு மேல் தழும்பு இருக்கிறது.

நான் பார்த்ததை அவரும் பார்த்தார். கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

"எந்தப் பட்டறைங்க நீங்க? அவருக்கு வேண்டியவருங்களா?"

"இல்லீங்க. கூலிக்கு வந்தவன்" என்று சொல்லி, பட்டறை இருக்கும் இடத்தையும் சொன்னேன்.

"சக்கரம் வந்துருமுங்களா?"

வரும் என்றால் என்ன ஆகும் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. சக்கரம் உருண்டால் சாயங்காலம் ஜீப் இருக்காது, மோட்டாரைப் போலவே விலை போய்விடும். வண்டி யாருடையது என்று தெரிந்த உள்ளூர் மெக்கானிக்கை அவர் கூப்பிடாததும் அதற்குத்தானோ என்னவோ. "பாக்கறேனுங்க" என்று மோரைக் குடித்துவிட்டு மறுபடியும் அடியில் போய்விட்டேன்.

அந்த அம்மா மேலும் எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பங்காளிச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று ஒரு சொம்பு மோரில் தெரிந்துவிடாது. அண்ணன் இருக்கும்போதே தம்பிக்கு என்று பேசி வைத்த வண்டியாக இருக்கலாம். அதைத் தரக் கூடாது என்று இந்த அம்மா செய்த வேலையாகவும் இருக்கலாம். யாரிடமாவது ஆர்.சி. புத்தகத்தைக் காட்டச் சொல்லியிருக்க வேண்டும். ஒரு வரிக் கேள்வி. அது என் வாயிலிருந்து வரவில்லை.

எட்டு போல்ட்டுகளையும் தளர்த்த எனக்கு அரைமணி நேரம் போதும். மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, டிரம்மைச் சுற்றிச் சுத்தியலால் தட்டினால் பொழுதுக்குள் நாலும் வந்துவிடும். வரப்பிலிருந்து அவர் திரும்பி வரும் செருப்புச் சத்தம் கேட்டது. ஜாக்கி வைத்து நான்காவது சக்கரத்தைத் தூக்கியிருந்தேன். கையால் இழுத்தபோது கரகரவென்று கொஞ்சம் நகர்ந்தது. அவர் கண்ணில் இது பட்டால் மற்றவையும் வரும் என்று விடமாட்டார். சுவர் இடுக்கில் கையை நுழைத்து, அந்த இரண்டு போல்ட்டுகளையும் முடுக்கினேன். பல்லைக் கடித்துக்கொண்டு முடுக்கினேன். கழற்ற வந்தவன் முடுக்கியது அன்று ஒரு நாள்தான்.

வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு, "வராதுங்க" என்றேன். "அடிச்சா டிரம்மு ஒடஞ்சுபோகும். இழுத்துக் கழட்டறதுக்குப் பெரிய புல்லர் வேணும். எங்க பட்டறைல இல்லீங்க."

அவர் குனிந்து நாலு சக்கரத்தையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்தார்.

"அவங்க உங்கிட்ட ஏதாச்சும் சொன்னாங்களா?"

"மோர் குடுத்தாங்க."

"கோயமுத்தூரு மெக்கானிக்குனு பேரு. இதுக்கு மாட்டுக்கு லாடம் அடிக்கறவனக் கூட்டியாந்திருக்கலாம்."

பஸ் ஸ்டாண்டுவரை நானே நடந்தேன். நியாயம் செய்தேனா, ஒரு திருட்டை மறைத்துவிட்டு வந்தேனா என்று வழியெல்லாம் அரித்தது.

புரட்டாசியில் பட்டறைக்கு ஒரு கார்டு வந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஜீப் சக்கரம் கழட்ட வரவும், புல்லர் கொண்டுவர வேண்டாம் என்று இருந்தது. கீழே அந்தத் தோட்டத்து விலாசம்.

போனேன். இந்தத் தடவை வாசலிலேயே, "வாங்க" என்றார் அந்த அம்மா. நான் பையைக் கீழே வைக்கும் முன்பே பிளாஸ்டிக் காகிதத்தில் சுற்றிய ஆர்.சி. புத்தகத்தை நீட்டினார்.

"அன்னைக்கே இதைய நீங்க கேப்பீங்கன்னு பாத்தனுங்க. ஊருல பெரியவங்க வெச்சுப் பேசி, வண்டி எனக்குனு ஆயிப்போச்சு. வாழத்தாரு ஏத்த ஒரு டிரைவரப் போட்டுக்கலாம்னு இருக்கறேன். பேரு மாத்தியாச்சு, பாத்துக்குங்க."

திறந்தேன். எல்லாம் இங்கிலீஷ். வண்டி நம்பர் சரியாக இருந்தது. அது மட்டும்தான் எனக்குப் புரிந்தது. பெயர் இருந்த இடத்தை வெகுநேரம் பார்த்தேன். அது அவர் பெயராக இருக்கலாம், அவர் வீட்டுக்காரர் பெயராக இருக்கலாம், கொழுந்தனாருடையதாகவும் இருக்கலாம்.

"பாத்துட்டீங்களா?"

"பாத்துட்டேனுங்க" என்று திருப்பிக் கொடுத்தேன்.

முதல் மூன்று சக்கரங்களும் மத்தியானத்துக்குள் வந்துவிட்டன. போல்ட்டுகளைத் தளர்த்தி, மண்ணெண்ணெய் ஊற்றி, பொறுமையாகத் தட்டியதில் டிரம் ஒவ்வொன்றாகக் கையோடு வந்தது. நான்காவது மட்டும் வரவில்லை. இடுக்கில் கையை விட்டு நான் முடுக்கிய போல்ட்டோடு நானே மல்லுக்கட்டினேன். ஸ்பானர் வழுக்கி, நடுவிரல் முட்டி உரிந்தது.

அந்த அம்மா குனிந்து பார்த்தார். "ஏனுங்க, இது மட்டும் ஏன் இப்படி அடம் புடிக்குது? இதைய நான் தொடவே இல்லீங்களே."

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே உறைத்திருக்க வேண்டும். சட்டென்று நிமிர்ந்துகொண்டார். நான் அடியிலிருந்து வெளியே வரவில்லை.

"துருங்க" என்றேன்.

"துருவுங்களா" என்றார். நம்பின குரல் இல்லை. பிறகு, "பெடல் மிதிக்கட்டுங்களா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஏறி உட்கார்ந்தார்.

கீழிருந்து பார்த்தேன். பிரேக்குத் தண்டு அசைந்தது. மிதிக்க மிதிக்க ஷூ விரிந்து, போல்ட்டின் மேலிருந்த அழுத்தம் குறைந்தது. ஒரு மிதி, ஒரு விடு, வீட்டுக்காரர் வண்டிக்கு அடியில் கிடக்க, மேலே உட்கார்ந்து நூறு தடவை மிதித்த கால் அது. ஆறாவது மிதியில் போல்ட் கிறீச்சென்று அரைச்சுற்று கொடுத்தது.