வேப்பிலை செருகாத வாசல்

போன ஆடி வெள்ளியன்று திருவிடைமருதூர் பக்கம் போய் வந்தேன். கோயிலுக்கு அல்ல. முப்பத்தைந்து வருடத்துக்கு முன் நான் கிராம நர்ஸாக இருந்த ஊர் அங்கே இருக்கிறது. செல்லம்மாவைப் பார்க்க வேண்டியிருந்தது.

கும்பகோணத்தில் காலை 7.10 டவுன் பஸ். எட்டு கிலோமீட்டர், அரை மணி நேரம், பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அங்கிருந்து நாலு கிலோமீட்டர் ஆட்டோ, 120 ரூபாய்.

"வேண்டுதலாம்மா?" என்றார் டிரைவர்.

"மன்னிப்பு கேக்கப் போறேம்ப்பா."

மனிதர் கண்ணாடியில் ஒருமுறை என்னைப் பார்த்துவிட்டு ஆட்டோவைக் கிளப்பினார்.

அந்த வருடம் ஊரில் தட்டம்மை பரவியது. அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவார்கள். வெளியாள் உள்ளே போகக்கூடாது. ஊசி என்றாலே கதவைச் சாத்திய தெரு அது. கடைசியில் தெருப் பெண்களே ஒரு வழி சொன்னார்கள். அம்மை காணாத பிள்ளைகளை மாரியம்மன் கோயிலடிக்கு அவர்கள் கூட்டி வருவார்கள், நான் ஊசி போடலாம். வேப்பிலை வீட்டில் வாசலில் நின்றபடியே பிள்ளையைப் பார்ப்பேன், மூச்சு இரைத்தால் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவேன். பலித்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

செல்லம்மா வீட்டில் வேப்பிலை இல்லை. கூலிச் சண்டை ஓய்ந்து நடவு தொடங்கிய சமயம். அம்மை வீட்டுக்காரியை மிராசுதார் வரப்பில்கூட ஏற்றமாட்டார். அதனால் அவள் வேப்பிலையை வாசலில் செருகாமல் பிள்ளையின் பாயடியில் வைத்திருந்தாள். நானோ வேப்பிலையைத் தேடினேன், பிள்ளையைத் தேடவில்லை. ஒருநாள் உள்ளே இருமல் கேட்டு நின்றேன். சட்டென்று சத்தம் அடங்கியது. நடையைக் கட்டிவிட்டேன், பாவி. மறுநாள் அவளுடைய இரண்டு வயது மகள் பவுனு இறந்துபோனாள்.

இப்போது அது ஓட்டு வீடு. "வாங்க நர்சம்மா" என்று பாய் விரித்தாள் செல்லம்மா. தண்ணீரைக்கூடத் தொடாமல் சொன்னேன். "அன்னிக்கு இருமல் எனக்குக் கேட்டுச்சு செல்லம்மா. கேட்டுட்டுத்தான் போனேன்."

அவள் தண்ணீர்ச் செம்பை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"நீங்க நின்னது தெரியுங்க. நான்தான் புள்ள வாயப் பொத்திக்கிட்டு இருந்தேன்."

இரண்டு பேரும் அழுதோம். வேறென்ன செய்ய?

போகிறவர்களுக்கு: ஊரில் சாப்பாட்டுக் கடை கிடையாது. திரும்ப மினி பஸ் 12.40க்கு, அதை விட்டால் மூன்று மணிக்குத்தான். ஊசிப் பெட்டியோடு போகிறவர்களா? வாசல் அடையாளத்தை நம்பி நடக்காதீர்கள். பஸ் ஏறும்போது செல்லம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதைத்தான் நானும் சொல்ல முடியும்.

"ஒரு தட்டு தட்டியிருந்தீங்கன்னா, கைய எடுத்திருப்பேங்க."