எண்ணெய் பாயைத் தேடி ஆம்பூருக்கு

என் அத்தாவின் பெரியப்பா யூசுப், முதல் உலகப்போரில் சண்டை விமானம் ஓட்டியவர். ஆம்பூரில் இதை யாரும் நம்பவில்லை. அவருடைய மகளே நம்பவில்லை. எங்களுக்கு அவர் குப்பி, அதாவது அத்தை. வயது தொண்ணூற்று மூன்று. ஆதாரம் கைக்கு வந்ததும், போன தை மாதம் ஒரு சனிக்கிழமை அவரைப் பார்க்கக் கிளம்பினேன்.

காட்பாடியில் காலை 8.10க்குப் பஸ். ஐம்பது கிலோமீட்டர் சொச்சம், ஒன்றேகால் மணி நேரம், ஐம்பது ரூபாய். வலப்பக்கம் உட்காருங்கள், வெயில் படாது. சின்ன வயதில் இதே வழியில் வரும்போது, தோல் பதனிடும் நெடிக்கு ஜன்னலைச் சாத்தச் சொல்லி அத்தா அதட்டுவார். இப்போது அந்த நெடி கம்மி. எனக்கென்னவோ ஏமாற்றமாக இருந்தது.

ஆட்டோக்காரர் அறுபது ரூபாய் கேட்டார். "ஷூ கம்பெனிக்கா சார்?" என்றார். சொந்தக்காரர் வீட்டுக்கு என்றதும் பத்து ரூபாய் குறைத்துக்கொண்டார்.

கதை இதுதான். தோல் வியாபாரத்துக்காக லண்டனுக்கு அனுப்பிய யூசுப், வீட்டுக்குச் சொல்லாமல் விமானப் படையில் சேர்ந்துவிட்டார். போர் முடிந்ததும், பறக்கும்போது போட்ட தோல் கோட்டோடு ஊர் திரும்பினார். ஆம்பூர்க்காரர்களிடம் வாய்ப்பேச்சு எடுபடாது, தோலைத்தான் கேட்பார்கள். தோல் மண்டிக்காரர்கள் கோட்டை வாங்கிக் கட்டைவிரலால் தேய்த்தார்கள், முகர்ந்தார்கள். முன்பக்கம் முழுக்க விளக்கெண்ணெய். எஞ்சினுக்கு எண்ணெய் விட்ட ஆள், விமானம் ஓட்டினேன் என்று அளக்கிறான் என்று தீர்ப்பாகிவிட்டது. அன்றிலிருந்து அவர் எண்ணெய் பாய்.

முப்பதுகளின் கடைசியில், பள்ளிக்கூடத்துக் கேலி தாங்காமல், ஏழு வயதுக் குப்பி அவரிடம், "இனிமே பொய் சொல்லாதீங்க அத்தா" என்று சொல்லியிருக்கிறார். அதன்பின் அவர் விமானத்தைப் பற்றி வாயே திறக்கவில்லையாம். இரண்டு வருடத்தில் இறந்தும் போனார்.

நான் கொண்டுபோனது, இங்கிலாந்திலிருந்து வரவழைத்த அவருடைய பறப்புக் குறிப்பேட்டின் நகல். அங்கே ஒரு அருங்காட்சியகத்தில் இருப்பவர் விளக்கமும் எழுதியிருந்தார். அந்தக் கால எஞ்சினுக்கு விளக்கெண்ணெய்தான் ஊற்றுவார்களாம். எஞ்சின் சுற்றும்போது, அந்த எண்ணெய் பின்னால் உட்கார்ந்து ஓட்டுபவர் மேலேயே பீய்ச்சியடிக்குமாம். ஓட்டியதால்தான் கோட்டில் அந்தக் கறை.

இந்த வயதில் இதைச் சொல்லத்தான் வேண்டுமா என்று குப்பி வீட்டு வாசலில் தயங்கினேன். பயமாகவே இருந்தது. ஆனாலும் சொன்னேன். ஒரு பக்கத்தைப் படித்தும் காட்டினேன்: ஒன்பதாயிரம் அடி, நாற்பது நிமிடம், துப்பாக்கி சிக்கிக்கொண்டது, திரும்பினேன். குப்பி, எங்க அத்தாவை அடக்கம் செஞ்ச கபர்ஸ்தானுக்கு இட்டுனு போ என்றார்.

எங்கள் குடும்பத்துப் பெண்கள் கபர்ஸ்தானுக்குள் போவதில்லை. கேட்டுக்கு வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு, உள்ளே கேட்கும்படி சொன்னார்:

"அத்தா, தப்பு என்னுது. நீங்க ஓட்டுனீங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது.

இப்படிப் போக நினைப்பவர்களுக்கு: காத்திருக்க ஆட்டோ நூற்றைம்பது ரூபாய். நான்கு மணிக்கு மேல் போங்கள், வெயில் தணிந்திருக்கும். வயதானவர்களை அழைத்துப் போனால் ஒரு நாற்காலி எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது தோன்றவில்லை. குப்பி ஒரு மணி நேரம் நின்றுகொண்டே அவரோடு பேசினார்.