நிறவாரியாக அடுக்கிய எண்பத்து நான்கு அட்டைகள்

1974 மார்ச் 12, செவ்வாய்க்கிழமை. ஐந்து பத்துக்கு எழுந்தேன். சவரம், குளிப்பு, இடியப்பமும் சொதியும். வெள்ளவத்தையில் ஏழு ஐந்து ரயில் இரண்டு நிமிடம் பிந்தியது. ஏழே முக்காலுக்குக் கோட்டையில், அலுவலகத்தில் இருந்தேன்.

அன்று பத்து மணிக்கு இரத்மலானையில் இருந்த ஒரு கணினியில் எங்களுக்கு அரை மணித்தியாலம் தந்திருந்தார்கள். எங்கள் அலுவலகத்தில் முதன்முதலாகக் கணினிக்கு நிரல் எழுதியவர் எதிர்மேசைப் பெண் பொறியியலாளர். களஞ்சியப் பொருட்பட்டியலை இயந்திரம் அச்சடித்துத் தராவிட்டால், வேலை பழையபடி கைப்பதிவுக்கே போகும் என்று மேலதிகாரி சொல்லிவிட்டார்.

அந்தப் பொறியியலாளரின் மேசைக் கண்ணாடியின் கீழ் ஓர் ஆங்கிலச் சீமாட்டியின் படம் இருந்தது. கட்டியே முடிக்காத இயந்திரத்துக்கு, நூறு வருடங்களுக்கு முன்பே நிரல் எழுதியவராம்.

"அவவுக்கு மெஷினே இல்லை. எனக்கு அரை மணித்தியாலம் கிடக்கு," என்பார்.

நிரலின் வரிக்கு ஒன்றாகத் துளையிட்ட அட்டைகளைப் பெட்டியில் வைப்பது என் பொறுப்பு. எண்பத்து நான்கு அட்டைகள். வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பு எல்லாம் கலந்து கிடந்தன. கட்டின் மேல் விளிம்பில் மூலைக்கு மூலை சாய்வாக ஒரு பென்சில் கிறுக்கல் வேறு. அழிறப்பரால் துப்புரவாக அழித்தேன். நிறவாரியாக அடுக்கினேன். பார்க்க அழகாகவே இருந்தது.

இரத்மலானையில் இயந்திரம் நான்காவது அட்டையோடு நின்றுவிட்டது. பொறியியலாளர் அட்டைக் கட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணை, இதில ஒரு கோடு இருந்ததெல்லே?"

"ஊத்தையாக் கிடந்தது மிஸ். அழிச்சுப்போட்டன்."

"கார்ட் ஒழுங்கு குழம்பினா திருப்பி அடுக்கத்தான் அந்தக் கோடு. கலர் ஏன் இப்பிடிக் கிடக்கு?"

"பிரிச்சு வச்சனான்."

"கடையில கிடைச்ச கலரில வாங்கினது அண்ணை, அதுக்கு ஒரு அர்த்தமும் இல்லை. பூ வச்சுக் கட்டாமல் விட்டீங்களே, அதுவே போதும்."

இன்னும் இருபத்து நான்கு நிமிடங்கள் இருந்தன. அவர் தன் கையெழுத்துப் பிரதியை வரிவரியாக வாசித்தார். ஒவ்வோர் அட்டையின் தலையிலும் அச்சாகியிருந்த எழுத்தைப் பார்த்து நான் தேடி நீட்டினேன். இயந்திரத்தை இயக்குபவர் தேநீரை மறந்து எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். முடிந்தபோது நான்கு நிமிடங்கள் மிச்சம்.

அட்டைகள் உள்ளே போயின. அச்சுப்பொறி கடகடத்தது. ஆணி, சீமெந்து, இரும்புக் கம்பி என்று பட்டியல் நீண்டு வந்தது. நான் மூச்சு விட்டேன்.

அலுவலக வாகனத்தில் திரும்பும்போது அவர் சொன்னார்: "அந்தச் சீமாட்டி கொடுத்து வச்சவ அண்ணை. அவவின்ர வேலையை ஒருத்தரும் வடிவா அடுக்கி வைக்கேல்ல."

மறுநாள் காலை, குடையை மாட்டுவதற்கு முன்பே அடிமட்டத்தை எடுத்து, அட்டைக் கட்டின் மேல் விளிம்பில் மையால் சாய்வாக ஒரு கோடு கீறினேன்.